சதுப்பு நிலத்துக்குக் கணக்கு எழுதியவர்கள்

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்த நண்பர்களுக்கு "பத்து சதவீத விதி" ஞாபகம் இருக்கும். புல்லில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அதைத் தின்னும் வெட்டுக்கிளிக்குப் போய்ச் சேரும். வெட்டுக்கிளியிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் தவளைக்கு. இப்படியே பாம்பு, கழுகு என்று மேலே போகும். பக்கத்தில் "லிண்ட்மேன், 1942" என்று ஒரு பெயரும் ஆண்டும் இருக்கும். இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அந்த லிண்ட்மேனைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவரோடு சேர்த்து, அவருக்குப் பின்னால் வந்த இன்னும் சிலரைப் பற்றியும். லிண்ட்மேனின் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தபோது வயது 26. அவர் பார்த்த கடைசி வேலை ஒரு வருட போஸ்ட்டாக்.

பி.காம். படிக்கிறவனுக்குச் சதுப்பு நிலத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இவர்கள் செய்த வேலையைப் படிக்கப் படிக்க எனக்கு நம் அக்கவுண்டன்சி வகுப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. வரவு, செலவு, இருப்பு, இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத தலைவலி, எல்லாம் அப்படியே இருக்கிறது. ரூபாய்க்குப் பதில் கலோரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் போஸ்ட்டாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பி.எச்டி. முடித்தவர் உடனே பேராசிரியர் ஆகிவிடுவதில்லை. நடுவில் ஒன்றிரண்டு வருடம், சில சமயம் நாலைந்து வருடம், வேறொரு பேராசிரியரிடம் உதவித்தொகையிலோ தற்காலிகச் சம்பளத்திலோ ஆராய்ச்சி செய்வார். சி.ஏ. படிப்பவர்களின் ஆர்ட்டிகிள்ஷிப்பை ஓரளவுக்கு ஒப்பிடலாம். ஒரே வித்தியாசம், ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தால் அடுத்தது என்ன என்று தெரியும். போஸ்ட்டாக் முடித்தால் தெரியாது.

ஒரு மீட்டர் ஆழ ஏரி

ரேமண்ட் லிண்ட்மேன் 1915 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. சேர்ந்தபோது அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட இடம், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சீடர் பாக் ஏரி. ஏரி என்று பெயர்தான். ஆழம் ஒரு மீட்டர். சுற்றிலும் சதுப்பு, அதற்கு அப்பால் மரங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோய், முதலில் சதுப்பாகி, பிறகு காடாகப் போகிற கடைசிக் கட்டத்தில் இருந்த ஏரி அது. "முதுமையடைந்த ஏரி" என்றே அவர் தன் கட்டுரைத் தலைப்புகளில் எழுதினார்.

மீன்பிடிக்கவோ படகு விடவோ யாரும் தேடிப் போகிற இடமில்லை. ஆனால் கணக்கு எழுத ஏற்ற இடம். சின்னது, ஆழமில்லாதது, இருக்கிற உயிர் வகைகளும் கையாளக்கூடிய அளவில் இருந்தன. லிண்ட்மேனும் அவர் மனைவி எலினாரும் சேர்ந்து வருடக்கணக்கில் அங்கே போய் நீரும் சேறும் அள்ளினார்கள். மிதக்கும் பாசி எவ்வளவு, கரையோரச் செடி எவ்வளவு, பாசியைத் தின்னும் நுண்ணுயிர் எவ்வளவு, சேற்றில் வாழும் புழு எவ்வளவு, அதைத் தின்னும் பூச்சி எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எண்ணி எடை போட்டார்கள். மினசோட்டா குளிரில் ஏரி மேல்மட்டம் உறைந்துபோய்விடும். பனிக்கட்டிக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அடிச்சேற்றில் இருக்கும் உயிர்கள் என்ன ஆகும் என்று சோதனைச்சாலையில் அதே நிலையை உருவாக்கிப் பார்த்தார். சில புழுக்கள் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தன. அதுவே தனி ஒரு கட்டுரையாக 1942இல் வெளிவந்தது.

அதுவரைக்கும் ஏரிகளைப் படித்தவர்கள் இந்த ஏரியில் இத்தனை வகைப் பாசி, அந்த ஏரியில் இத்தனை வகை மீன் என்று பட்டியல் போட்டார்கள். கடையில் சரக்கு இருப்பு எடுக்கிற மாதிரி. லிண்ட்மேன் கேட்ட கேள்வி வேறு. ஒரு வருடத்தில் உள்ளே வந்தது எவ்வளவு, யார் கையிலிருந்து யார் கைக்கு எவ்வளவு மாறியது, வழியில் எவ்வளவு கரைந்தது? பாசி, செடி எல்லாம் ஒரு மட்டம். அவற்றைத் தின்பவை அடுத்த மட்டம். தின்பவற்றைத் தின்பவை அதற்கும் அடுத்த மட்டம். எல்லாவற்றையும் கலோரியாக மாற்றிவிட்டால் பாசியையும் பூச்சியையும் ஒரே பேரேட்டில் எழுதலாம்.

அவர் வரைந்த படத்தில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. நட்டநடுவில் பெரிய உயிரினம் எதுவும் இல்லை, சேறு இருக்கிறது. செத்த இலை, செத்த புழு, அவற்றை அழுகவைக்கும் பாக்டீரியா எல்லாம் சேர்ந்த கொழகொழப்பு. உயிருள்ளது தனி, உயிரற்றது தனி என்று பிரித்தால் இந்தச் சேற்றை எந்தப் பக்கம் எழுதுவது? எல்லா மட்டத்திலிருந்தும் வந்து சேருவது அங்கேதான், திரும்பப் புறப்படுவதும் அங்கிருந்துதான். ஆகவே ஏரியும் உயிர்களும் சேர்ந்த முழு அமைப்பையே ஒரே அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். "சூழல்மண்டலம்" என்ற சொல்லை ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1935இலேயே உருவாக்கியிருந்தார். அந்தச் சொல்லுக்குள் எண்களைப் போட்டு நிரப்பிக் காட்டியவர் லிண்ட்மேன்.

யேலில் ஒரு வருடம்

1941இல் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, ஸ்டெர்லிங் உதவித்தொகையில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் இருந்தார். இவர் ஒரு தனிப் பிறவி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்து 1928இல் யேலுக்கு வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய சூழலியலாளர்களில் பலருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக்கொடுத்தவர், தான் மட்டும் டாக்டர் பட்டம் வாங்கவே இல்லை! 1932இல் நம் லடாக்குக்கு வந்து உயரமான மலை ஏரிகளை ஆராய்ந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஹட்சின்சனும் அந்தச் சமயத்தில் ஏரிகளில் ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சூத்திரங்களாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை வகுப்புக் குறிப்புகளாகக் கிடந்தன. லிண்ட்மேனிடம் ஐந்து வருடச் சேற்றுக் கணக்கு இருந்தது. இரண்டும் சந்தித்தன. தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை லிண்ட்மேன் திருத்தி எழுதி, 'இக்காலஜி' இதழுக்கு அனுப்பினார்.

இதழ் இரண்டு நிபுணர்களிடம் கருத்துக் கேட்டது. ஒருவர் விஸ்கான்சினின் சான்சி ஜூடே, இன்னொருவர் மிச்சிகனின் பால் வெல்ச். அமெரிக்காவில் ஏரி ஆராய்ச்சி என்றால் அன்றைக்கு அவர்கள்தான். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். இவ்வளவு பெரிய பொதுக் கோட்பாட்டுக்கு இந்தத் தரவு போதாது, இன்னும் நிறைய ஏரிகளைப் பார்த்துவிட்டுத்தான் இப்படியெல்லாம் பேச வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இதில் ஒரு வேடிக்கை. லிண்ட்மேன் தன் ஏரியோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட இன்னொரு ஏரி, விஸ்கான்சினின் மெண்டோட்டா. அதற்கு ஆற்றல் கணக்குப் போட்டு 1940இல் வெளியிட்டவர் அதே ஜூடேதான்! தன் பேரேட்டை எடுத்து ஒரு சின்னப் பையன் புதுவிதமாகக் கூட்டிக் காட்டுகிறான் என்றால் எந்தப் பெரியவருக்குத்தான் உடனே பிடிக்கும்?

ஆனால் ஜூடேயை வில்லனாக்கிவிடவும் முடியாது. அவர் நூற்றுக்கணக்கான ஏரிகளில் இறங்கி அளந்தவர். ஒரே ஒரு ஏரியை முழுதாகப் பார்த்தவர் எல்லா ஏரிக்கும் சட்டம் சொல்லும்போது தயக்கம் வருவது இயல்புதான். அந்தத் தயக்கத்துக்கு எவ்வளவு அர்த்தம் இருந்தது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

ஹட்சின்சன் இதழின் ஆசிரியர் தாமஸ் பார்க்குக்கு நீண்ட கடிதம் எழுதினார். எந்தத் தரவைச் சேகரிக்க வேண்டும் என்று சொல்வதற்கே முதலில் ஒரு கோட்பாடு தேவை, ஆகவே இதைப் போடுங்கள் என்று வாதாடினார். லிண்ட்மேன் கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்பினார். நிபுணர்கள் மனம் மாறவில்லை. ஆனாலும் பார்க் துணிந்து 1942 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார். சரியா தவறா என்பதைக் காலம் சலித்து எடுக்கட்டும் என்பது அவர் நிலை.

லிண்ட்மேனுக்கு நீண்ட நாளாகவே கல்லீரல் நோய். 1942 ஜூன் 29 அன்று இறந்துபோனார். 27 வயது முடிய இன்னும் 25 நாள் இருந்தது. அக்டோபர் இதழில் கட்டுரை வந்தது. கடைசியில் ஹட்சின்சன் ஒரு சிறு குறிப்புச் சேர்த்திருந்தார். அவர் எழுதி முடித்த ஆறாவது கட்டுரை இது என்ற தகவல் அதில் இருக்கிறது.

பத்து எங்கே?

இப்போது அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு, ஒரு வருடம். அலகு கலோரி.

சீடர் பாக் ஏரி:
சூரிய ஒளி – 1,18,872
பாசி, செடிகள் பிடித்தது – 111.3 (0.10 சதவீதம்)
அவற்றைத் தின்பவை – 14.8 (13.3 சதவீதம்)
தின்பவற்றைத் தின்பவை – 3.1 (ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்)

மெண்டோட்டா ஏரி:
பாசி, செடிகள் – 480 (0.40 சதவீதம்)
அவற்றைத் தின்பவை – 41.6 (8.7 சதவீதம்)
அடுத்த மட்டம் – 2.3 (5.5 சதவீதம்)
அதற்கும் அடுத்த மட்டம் – 0.3 (13 சதவீதம்)

பத்து எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது. 13.3, 8.7, 5.5, 13 என்று இருக்கிறது. சராசரி எடுத்தால் பத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ வரும் என்பது வேறு விஷயம். லிண்ட்மேன் "பத்து சதவீதம்" என்று எந்த விதியும் எழுதவில்லை. மேலே போகப் போக உயிர்கள் ஆற்றலை இன்னும் திறமையாகப் பயன்படுத்துகின்றன போலிருக்கிறது என்பதுதான் அவர் காட்ட முயன்றது. பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் மனப்பாடம் செய்ய வசதியாக அதை ரவுண்ட் ஆஃப் செய்து, அவர் பெயரையும் ஒட்டிவிட்டன.

அவர் விட்டுப்போனது ஒரு பேரேட்டின் வடிவம். எந்தச் சதுப்புக்கும், எந்த ஏரிக்கும் இந்தப் பத்திகளைப் போட்டு நிரப்பலாம் என்ற யோசனை. அதைப் பரப்பியதில் பெரிய பங்கு ஓடம் சகோதரர்களுக்கு. தம்பி ஹோவர்ட் ஓடம், ஹட்சின்சனிடம் 1951இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். அண்ணன் யூஜின் ஓடம், ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர். யூஜின் 1953இல் எழுதிய சூழலியல் பாடப்புத்தகம் ஒரு தலைமுறையையே லிண்ட்மேனின் கண்ணால் பார்க்கவைத்தது.

சபேலோ தீவின் அனாமத்துக் கணக்கு

அதே 1953இல் யூஜின் ஓடத்தின் முயற்சியில் ஜார்ஜியா கடற்கரையோரம் சபேலோ தீவில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. தீவு ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியருக்குச் சொந்தம். ஆதரவும் அவருடையது. (ஆமாம், சிகரெட் பணம்தான்.) தீவைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை உப்புச் சதுப்பு. கடல் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரியும் நிலம். அதில் ஸ்பார்ட்டினா என்ற ஒரே வகைப் புல் இடுப்புயரத்துக்கு வளர்ந்து நிற்கும்.

1955இல் ஹார்வர்டில் பி.எச்டி. முடித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தார் ஜான் டீல். நாலு வருடம் இருந்தார். அவரைப் போலவே சில இளம் ஆய்வாளர்களும் அங்கே இருந்தார்கள். ஒருவர் வெட்டுக்கிளிக்குக் கணக்குப் போட்டார், ஒருவர் சிப்பிக்கு, டீல் நண்டுக்கு. கடைசியில் எல்லாருடைய துண்டுக் கணக்கையும் டீல் ஒன்றாக்கி 1962இல் வெளியிட்டார். சதுர மீட்டருக்கு, வருடத்துக்கு, கிலோ கலோரியில்:

சூரிய ஒளி – 6,00,000
புல்லும் பாசியும் பிடித்தது – 36,380
அவையே சுவாசிக்கச் செலவழித்தது – 28,175
நிகரம் – 8,205
பாக்டீரியாக்கள் செலவழித்தது – 3,890
தாவரம் தின்னும் உயிர்கள் – 596
அவற்றைத் தின்பவை – 48
மீதி – 3,671

நிகரத்தில் 45 சதவீதம் மீதி. இது எங்கே போனது? கடல் இறங்கும்போது அடித்துக்கொண்டு போய்க் கழிமுகத்துக்குக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் அங்கே மீனும் இறாலும் அவ்வளவு செழிப்பு என்றார் டீல்.

இந்த இடத்தில் நம் வகுப்பு நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும் :-) அந்த 3,671ஐ யாரும் அளக்கவில்லை! 8,205இலிருந்து மற்றச் செலவையெல்லாம் கழித்தால் வருவது அது. சுத்தமான பேலன்சிங் ஃபிகர். இருப்பாய்வு ஒத்துப்போகாதபோது வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோமே, அந்த மாதிரி. வேறு எங்காவது ஒரு தப்பு இருந்தாலும் (பாக்டீரியா கணக்கில் குறைத்துப் பிடித்திருந்தால், அல்லது சேற்றிலேயே புதைந்துபோனதை விட்டிருந்தால்) எல்லாத் தப்பும் வந்து விழுவது இந்த ஒரு வரியில்தான்.

ஆனால் இந்த வரிதான் ஊரையே அசைத்தது. சதுப்பு என்றால் கொசு வளரும் தரிசு, மண் கொட்டி மனை போடலாம் என்று நினைத்த காலம் அது. அது கடலுக்கே சோறு போடுகிறது என்று ஒரு எண்ணைக் காட்ட முடிந்தது. 1968இல் ஒரு நிறுவனம் ஜார்ஜியா கடலோரச் சதுப்பில் பாஸ்பேட் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. சபேலோ ஆராய்ச்சியும் அந்த எதிர்ப்புக்குக் கைகொடுத்தது. 1970இல் கடலோரச் சதுப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அடுத்த கட்டமாக 1974இல் ஜேம்ஸ் கோசலிங்கும் யூஜின் ஓடமும் இன்னொருவரும் சேர்ந்து சதுப்புக்கு விலையே போட்டுவிட்டார்கள். 10,000 கிலோ கலோரிக்கு ஒரு டாலர் என்று மாற்றி, வருட வருமானத்தை முதலீட்டு மதிப்பாக்கி, ஏக்கருக்கு 50,000 முதல் 80,000 டாலர் என்றார்கள். பொருளாதாரக்காரர்கள் சும்மா விடுவார்களா? லியோனார்ட் ஷாப்மன், சாண்ட்ரா பேட்டி என்ற இருவர் 1978இல் எழுதிய விமர்சனத்தில் பிடிபிடியென்று பிடித்தார்கள். கலோரி என்பது விலை இல்லை. வாங்குகிறவர் எவ்வளவு கொடுக்கத் தயார், அது இல்லாவிட்டால் மாற்று என்ன என்பதையெல்லாம் பார்க்காமல் ஆற்றலை நேரடியாக டாலராக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. இதில் என் ஓட்டு பொருளாதாரக்காரர்களுக்குத்தான். நோக்கம் நல்லது என்பதற்காக வவுச்சர் இல்லாத பதிவை ஒப்புக்கொள்ள முடியாது.

1980இல் ஸ்காட் நிக்சன் என்ற கடல் சூழலியலாளர் அதுவரை வந்த இருபது வருட ஆராய்ச்சியை எடுத்து வைத்து ஒரு தணிக்கையே நடத்தினார். சில சதுப்புகள் கடலுக்குக் கொடுக்கின்றன, சில வாங்கிக்கொள்கின்றன. எல்லாச் சதுப்பும் கொடுக்கும் என்று பொதுவாகச் சொல்லத் தரவு இல்லை என்பது அவர் முடிவு. ஜூடே 1941இல் எழுப்பிய அதே ஆட்சேபணைதான்! ஒரு இடத்துக் கணக்கை வைத்து எல்லா இடத்துக்கும் பேசாதே. நாற்பது வருடம் கழித்து, வேறு சதுப்பில், அது சரியாகத்தான் இருந்தது.

திரும்ப அளந்தவர்

டீல் இதற்கெல்லாம் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1961இல் மாசசூசெட்ஸில் உள்ள வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்துக்குப் போனவர், அதன்பின் பல பத்தாண்டு அங்கேயே இருந்துவிட்டார். 1969இல் மனைவி மில்ட்ரெட்டோடு சேர்ந்து, உப்புச் சதுப்பின் வாழ்வையும் சாவையும் பற்றிச் சாதாரண வாசகர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார்.

அதே 1969 செப்டம்பரில் 'புளோரிடா' என்ற எண்ணெய்ப் படகு பக்கத்திலேயே வெஸ்ட் ஃபால்மத் கரையில் தரைதட்டி, சுமார் 7 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. சில வாரத்தில் கடல் மேலே எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் வுட்ஸ் ஹோல்காரர்கள் விடாமல் சேற்றைத் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், டீலும் அதில் ஒருவர். முப்பது வருடம் கழித்துத் தோண்டியபோதும் சில அங்குல ஆழத்தில் எண்ணெய் இருந்தது. 2002இல் அதை வெளியிட்டது கிறிஸ் ரெடியும் அவர் குழுவும், அதாவது அடுத்த தலைமுறை. பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் தொடர்ந்து பார்த்ததால் தெரிந்த விஷயம் இது. வந்து ஒரு வருடம் ஆராய்ந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு பக்கம், டீலும் ஐவன் வாலியேலாவும் 1970களின் தொடக்கத்திலிருந்து கிரேட் சிப்பவிசெட் என்ற சதுப்பில் பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டங்கள் போட்டு, உரம் தூவிப் பார்த்தார்கள். பக்கத்து வட்டத்துக்கு உரம் கிடையாது. அந்த வட்டங்களில் வேலை பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தது. 1979இல் அதே சதுப்புக்கு இருவரும் சேர்ந்து நைட்ரஜன் வரவு செலவு போட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மழையில் வருவது, நிலத்தடி நீரில் வருவது, கடல் ஏறும்போது வருவது, இறங்கும்போது போவது, பாக்டீரியா வாயுவாக்கிக் காற்றில் விடுவது என்று ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பிடிக்கப் பார்த்தார்கள். கடலோடு நடக்கும் பரிமாற்றத்தை இந்தத் தடவை கழித்தல் போட்டுக் கண்டுபிடிக்காமல், ஓடையில் நின்று அளந்தார்கள். சபேலோவில் அனாமத்துக் கணக்கில் போட்டவரே சிப்பவிசெட்டில் வவுச்சர் சேகரித்தார் என்று சொல்லலாம். லிண்ட்மேனுக்குக் கிடைக்காமல் போனது இந்த வாய்ப்புதான். 26 வயதில் போட்ட கணக்கை 50 வயதில் தானே சரிபார்க்கிற வாய்ப்பு.

இன்னும் ஒரே ஒரு உதாரணம். மாசசூசெட்ஸின் பிளம் தீவுப் பகுதியில் லிண்டா டீகன் தலைமையில் ஒன்பது வருடம், சதுப்பு ஓடைகளில் ஏறி வரும் நீரில் உரச்சத்துக் கலந்து பார்த்தார்கள். 2012இல் 'நேச்சரில்' வந்தது. ஓடைக்கரைகள் விரிசல் விட்டுச் சரிந்து விழுந்தன. உரம் தாராளமாகக் கிடைத்ததால் புல் மேலே உயர்ந்ததே தவிர, மண்ணைப் பிடிக்கும் வேரைக் குறைத்துக்கொண்டது. அங்கே மம்மிசாக் என்று ஒரு சின்ன மீன் உண்டு. முதல் சில வருடம் உரம் போட்ட ஓடையில் அது பெருகியது, கரைகள் சரிய ஆரம்பித்த பிறகு குறைந்தது. இரண்டு வருட போஸ்ட்டாக் ஒருவர் ஆரம்பத்தில் வந்து அளந்து, கட்டுரை எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தால், "உரம் மீனுக்கு நல்லது" என்றுதான் முடிவு சொல்லியிருப்பார். அவர் அளந்ததில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

கடைசியாக

கணக்கியலில் கோயிங் கன்சர்ன் என்று ஒரு கருத்து படிக்கிறோம். நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று நம்பித்தான் கணக்கே எழுதுகிறோம். சதுப்பு நிலமும் அப்படித்தான். ஐம்பது வருடக் கணக்கைப் பார்த்தால்தான் லாபமா நட்டமா தெரியும். ஆனால் அந்தக் கணக்கை எழுதுகிறவருக்கு ஒரு வருடம், இரண்டு வருடம்தான் வேலை. எழுதுகிறவரும் மாறிக்கொண்டே இருக்கிறார், பேரேடும் மூடப்படக் கூடாது என்றால் என்ன செய்வது?

அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980இல் தொடங்கிய நீண்டகாலச் சூழலியல் ஆய்வுத் திட்டம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில். ஆள் மாறினாலும் இடமும் அளவையும் மாறாமல் பத்தாண்டுக் கணக்கில் தொடரும்படி பணம் ஒதுக்குவது. லிண்ட்மேன் வேலை செய்த சீடர் கிரீக் 1982இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பிளம் தீவு 1998இல். சபேலோ இருக்கும் ஜார்ஜியா கடற்கரை 2000இல். இந்தப் பதிவில் வந்த இடங்களில் மூன்று அந்த ஒரே பட்டியலில் இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

லிண்ட்மேன் பெயரில் ஒரு விருதும் இருக்கிறது. நன்னீர், கடல் ஆராய்ச்சியாளர்களின் சங்கம் 1987 முதல் அதை இளம் ஆராய்ச்சியாளர் ஒருவரின் சிறந்த கட்டுரைக்குக் கொடுத்துவருகிறது. விருது வாங்கியவர்களுக்கு அதன்பின் முப்பது நாற்பது வருட வேலைக்காலம் இருக்கும். டீலைப் போலத் தன் பழைய கணக்கைத் தானே எடுத்துத் திரும்பக் கூட்டிப் பார்க்க நேரம் இருக்கும்.

பயாலஜி டியூஷன் எடுக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பரீட்சைக்குப் பத்து என்றே எழுதச் சொல்லுங்கள், மார்க் போய்விடக் கூடாது. ஆனால் அவர் எழுதி வைத்தது 13.3, 8.7, 5.5 என்பதையும், ஒரு மீட்டர் ஆழ ஏரியில் அவரும் அவர் மனைவியும் ஐந்து வருடம் சேறு அள்ளிய கதையையும் இரண்டு நிமிஷம் சொல்லிவிடுங்கள்.